20/40 காசு ஆட்டத்துக்கு 500 சிப்: எந்த மதிப்பில் எத்தனை வாங்குவது?

#1 ஜூரோங்மணி

வணக்கம். சிங்கப்பூரில் நண்பர்கள் வீட்டில் மாதம் இரண்டு சனிக்கிழமை போக்கர் ஆடுகிறோம். நோ லிமிட் ஹோல்டம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை), ஏழு அல்லது எட்டுப் பேர். ப்ளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய பந்தயம்) 20 காசு / 40 காசு. பை-இன் (ஆட்டத்தில் சேர ஆளுக்குப் போடும் பணம்) 40 வெள்ளி, அதாவது 40 டாலர்.

இதுவரை நிஜப் பணத்தை வைத்தே ஓட்டிவிட்டோம். பத்து மணிக்கெல்லாம் 20 காசு நாணயம் முழுவதும் ஒருவரிடம் குவிந்துவிடும். 2 வெள்ளி நோட்டுகள் காற்றில் பறக்கும். மின்விசிறியை நிறுத்தினால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் உட்கார முடியாது. கேசினோவுக்குப் போகலாமே என்று ஒருவர் சொன்னார். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழையவே நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். அந்தக் காசுக்கு வீட்டில் மூன்று பை-இன் தோற்றுவிட்டுச் சாப்பாடும் வாங்கிவிடலாம்.

ஆகவே சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லை) வாங்க முடிவு செய்திருக்கிறோம். 500 சிப் பெட்டிக்குத்தான் அலமாரியில் இடம். வீட்டுக்காரி சம்மதமும் அவ்வளவுக்குத்தான்.

என் திட்டம்: 10 காசு, 20 காசு, 50 காசு, 1, 2, 5, 10, 50 வெள்ளி. நாம் பழகிய பணம் மாதிரியே. ஒவ்வொன்றிலும் சுமார் 60. சரியாக வருமா?

#2 கணக்குப்பிள்ளை

மணி, முதலில் 10 காசைக் கழித்துவிடுங்கள். 20/40 ஆட்டத்தில் பந்தயம் எல்லாம் 20இன் மடங்கில்தான் வரும். 10 காசு சிப் பெட்டியை விட்டு வெளியே வரவே வராது. 50 காசு அதைவிடத் தொல்லை. 20இல் அடங்காது, யாராவது அதைப் போட்டால் சில்லறைக்காக மறுபடி 10 காசைத் தேட வேண்டும்.

எட்டு மதிப்பு என்றால் எட்டு நிறம். நள்ளிரவு தாண்டி எட்டு நிறமும் நடுவில் கலந்து கிடக்கும்போது "பாட் எவ்வளவு?" என்று, அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை எவ்வளவு என்று, ஒருவர் கேட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பணத்தில் 2ம் 10ம் இருப்பது பர்ஸில் குறைவாகச் சுமப்பதற்காக. மேசையில் அந்தக் கவலை கிடையாது. ஒரு மதிப்புக்கும் அடுத்ததற்கும் நான்கு அல்லது ஐந்து மடங்கு இடைவெளி இருந்தால் போதும். இரண்டு மடங்காக ஏற்றினால் நிறங்கள் பெருகும். பத்து மடங்காகத் தாண்டினால் ஒரு சாதாரணப் பந்தயத்துக்கே ஏழெட்டு சிப் எண்ண வேண்டியிருக்கும்.

உங்களுக்கு 20 காசு, 1, 5, 25. எல்லாம் ஐந்து மடங்கு, எண்ணவும் சுலபம். இதில் 1 வெள்ளிதான் இரவு முழுக்க உழைக்கிற சிப். ஃப்ளாப்புக்கு (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) முன்னால் ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது), ஃப்ளாப்பில் சின்னப் பந்தயம், எல்லாம் அதில்தான் நடக்கும். 20 காசு ப்ளைண்டுக்கும் சில்லறைக்கும். 5 வெள்ளி டர்ன், ரிவர் (நான்காம், ஐந்தாம் பொதுச் சீட்டு) பந்தயத்துக்கு. 25 பெரிய ரீபைக்கு (தோற்றபின் மறுபடி பை-இன் போடுவது).

எண்ணிக்கையைப் போடும்போது எல்லாரும் தொடக்கப் பணத்தைத்தான் பார்க்கிறார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 40, மொத்தம் 320. ஆட்டம் முடியும்போது மேசையில் எவ்வளவு இருக்கும் என்பதைப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி இரண்டு மூன்று பை-இன் என்றால் 640 முதல் 960 வெள்ளி. எல்லாரும் முறுக்கிக்கொண்டு நான்கு போட்டால் 1,280. பேங்க் (சிப்பைக் கொடுத்து வாங்கும் பெட்டி) அதைத் தாங்க வேண்டும்.

நான் சொல்வது: 20 காசு 100, 1 வெள்ளி 200, 5 வெள்ளி 160, 25 வெள்ளி 40. பெட்டியின் மொத்த மதிப்பு 2,020 வெள்ளி.

முதல் பை-இன்னுக்கு ஆளுக்கு 20 காசில் 10, 1 வெள்ளியில் 18, 5 வெள்ளியில் 4 கொடுங்கள். 2 + 18 + 20 = 40. கையில் 32 சிப் இருக்கும். எட்டுப் பேருக்கு 80, 144, 32 போய்விடும்.

ரீபை கேட்பவருக்குச் சில்லறை தராதீர்கள். 5 வெள்ளி சிப் எட்டு, அவ்வளவுதான்.

#3 ஜூரோங்மணி

நன்றி அண்ணே. கடைசி வரிதான் புரியவில்லை. எட்டு ஐந்தை வைத்துக்கொண்டு அவர் 20 காசு ப்ளைண்ட் எப்படிப் போடுவார்?

#4 கணக்குப்பிள்ளை

பக்கத்தில் ஜெயித்து உட்கார்ந்திருப்பவரிடம் மாற்றிக்கொள்வார். சில்லறை எங்கும் ஓடிவிடவில்லை. தோற்றவருடைய 18 ஒற்றை வெள்ளியும் ஜெயித்தவர் முன்னால்தான் அடுக்கியிருக்கிறது. பேங்கிலிருந்து மறுபடி சில்லறை கொடுத்துக்கொண்டே போனால் பதினோரு மணிக்குப் பெட்டி காலி, ஒருவர் முன்னால் கோபுரம்.

இதற்கு ஒரு விதி வேண்டும்: சில்லறை கேட்டால் யாரும் மறுக்கக் கூடாது. "ஜெயித்த சிப், ராசி போய்விடும்" என்று கைவைத்து மூடிக்கொள்ளும் ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

இன்னொன்று. டோர்னமென்ட் ஆடிப் பழகியவர்கள் நடுவில் சின்னச் சிப்பை எடுத்துவிடலாம் என்பார்கள். அங்கே ப்ளைண்ட் ஏறிக்கொண்டே போவதால் எடுப்பார்கள். நம்முடையது போன்ற கேஷ் ஆட்டத்தில் ப்ளைண்ட் கடைசிவரை 20/40தான். 20 காசு சிப் கடைசிக் கை வரைக்கும் மேசையில் இருக்க வேண்டும்.

#5 ரிவர்ராசா (ஹூஸ்டன்)

20/40 என்று ஓர் ஆட்டமா? இங்கே எல்லாரும் 25/50தான். க்வார்ட்டர் (25 சென்ட்) நாணயம் இருக்கிற ஊர். கடைகளில் 25 சென்ட், 1, 5, 25, 100 டாலர் என்று அச்சடித்த சிப் எளிதில் கிடைக்கும்; 20 காசு தேடித்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் எப்படியும் கடைசியில் பேநவ்விலோ (கைப்பேசிப் பணமாற்று) எதிலோ அனுப்பித்தானே தீர்க்கப் போகிறீர்கள்? நாணயத்துக்கும் சிப்புக்கும் சம்பந்தமே இல்லை. 25/50க்கு மாறிவிடுங்கள்.

என் வீட்டில் ஒரு டோர்னமென்ட் பெட்டிதான் இருந்தது. 25, 100, 500, 1000 என்று எண் போட்டது. அதைச் சென்ட்டாக வாசிக்க ஆரம்பித்தோம். 25 என்றால் கால் டாலர், 100 ஒரு டாலர், 500 ஐந்து, 1000 பத்து. புதிதாக ஒரு பைசா செலவில்லை.

#6 கணக்குப்பிள்ளை

ராசா, அந்த யோசனை அருமை. ஏற்கனவே டோர்னமென்ட் பெட்டி வைத்திருப்பவர்கள் வேறு எதுவும் வாங்க வேண்டாம். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே இரண்டு மடங்குதான் என்பது மட்டும் சின்னக் குறை.

ஆனால் 20/40ஐ அப்படித் தள்ளிவிடாதீர்கள். 1 வெள்ளி சிப் ஒன்றைத் தூக்கிப் போட்டால் அது இரண்டரை பெரிய ப்ளைண்ட், அதாவது சரியான ஓப்பனிங் ரெய்ஸ். மூன்று ப்ளைண்ட் வேண்டுமென்றால் ஒரு வெள்ளியும் ஒரு 20 காசும். உங்கள் 25/50இல் ஒரு டாலர் சிப் வெறும் இரண்டு ப்ளைண்ட். மூன்றுக்கு ஒரு டாலரும் இரண்டு க்வார்ட்டரும் போட வேண்டும். அதனால்தான் 25/50 மேசைகளில் க்வார்ட்டர் சீக்கிரம் தீர்ந்து, ஆளுக்கு 12 கொடுக்கிறார்கள். இங்கே 10 தாராளம்.

#7 ரிவர்ராசா (ஹூஸ்டன்)

இது சரி. எங்கள் மேசையில் எப்போதும் க்வார்ட்டருக்குத்தான் அடிதடி. ஆனாலும் 40 காசின் மடங்கை மனதில் பெருக்க எனக்குப் பொறுமை இல்லை.

#8 ஸ்காபரோபெடியன்

அண்ணைமார், நீங்கள் கதைக்கிறதைப் பார்த்தால் ஏதோ கேசினோ திறக்கப் போகிற மாதிரி இருக்கிறது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 500 பெட்டியை வாங்கினால் போதாதா? அநேகமாக வெள்ளை 150, சிவப்பு 150, பச்சை 100, கறுப்பு 50, நீலம் 50 என்று வரும். நாங்கள் ரொறன்ரோவில் அதைத்தான் வைத்து விளையாடுகிறோம். எண் அச்சடிக்காத சிப். வெள்ளை 25 சதம், சிவப்பு ஒரு டொலர், பச்சை ஐந்து, கறுப்பு 25. நீலம் பெட்டியிலேயே கிடக்கும்.

மணி அண்ணைக்கும் இது காணும். 20 சதக் கணக்கில் வெள்ளை 30, சிவப்பு 150, பச்சை 500. மூன்றும் சேர்ந்து 680 வெள்ளி. மேலே போனால் கறுப்பு இருக்கிறது, 1,250க்கு.

#9 கணக்குப்பிள்ளை

தம்பி சொல்வது ஓடும், மறுக்கவில்லை. முதல் சுற்றில் 144 சிவப்பு போய்விடும், கையில் மிச்சம் ஆறு. ஒன்பதாவது ஆள் வந்தால் 18 சிவப்புக்கு எங்கே போவீர்கள்? 50 நீலத்துக்குக் காசு கொடுத்து இடத்தையும் கொடுக்கிறீர்கள். மலிவாக வேண்டும் என்றால் வாங்குங்கள். தனித்தனியாக 25 அல்லது 50 கட்டாக விற்கும் கடை கிடைத்தால் அதுதான் நல்லது.

எண் இல்லாத சிப்பில் ஒரு வசதி உண்டு: நாளைக்கு ப்ளைண்டை மாற்றினால் நிறத்துக்கு வேறு மதிப்பு வைத்துக்கொள்ளலாம். புதிதாக வருபவருக்குத்தான் கஷ்டம். ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள்.

#10 ஸ்காபரோபெடியன்

ஒன்பதாவது ஆளுக்கு ஒரு வெள்ளி சிப்பைக் குறைத்து ஐந்தைக் கூட்டிக் கொடுத்தால் முடிந்தது. இதுக்கெல்லாம் புதுப் பெட்டியா? :)

#11 மூணுசீட்டுமாமா

தீபாவளி அன்றைக்கு இந்தப் பெட்டியில் மூணு சீட்டும் ஆடுவீர்களா? அப்படியானால் கணக்கே வேறு.

மூணு சீட்டில் பூட் (தொடக்கத்தில் ஆளுக்குப் போடும் பந்தயம்) 20 காசு என்று வைத்தால் அடுத்தடுத்து அது 40, 80, ஒன்று அறுபது என்று ஏறும். சீட்டைப் பார்த்தவர் பார்க்காதவரைப் போல இரண்டு மடங்கு போட வேண்டும். ஆறேழு பேர் ஒரே கையில் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாமே இருபதின் துண்டுகள். 100 எண்ணிக்கை இரண்டே கையில் நடுவில் குவிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சில்லறைதான். போக்கரில் ஒரு கையில் ஐந்து பேர் ஃபோல்ட் செய்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். இங்கே யாரும் கையை விடமாட்டார்கள்.

#12 ஜூரோங்மணி

மாமா, தீபாவளிக்கு மட்டும்தான் மூணு சீட்டு. அத்தைகள், சித்தப்பாக்கள் எல்லாரும் உட்காருவார்கள். அதற்காக 20 காசை 200 ஆக்கவா?

#13 மூணுசீட்டுமாமா

வேண்டாம். பூட்டை 1 வெள்ளி சிப் என்று வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் அதன் மதிப்பு 20 காசு என்று அறிவித்துவிடுங்கள். உங்களிடம் 200 இருக்கிறது. ஐந்து வெள்ளி சிப் 1 வெள்ளி ஆகிவிடும். 2, 4, 8 என்று போகும்போது எட்டுக்கு ஒரு பெரியது, மூன்று சின்னது. 20 காசு சிப் பெட்டியிலேயே தூங்கட்டும். எண் அச்சடித்த சிப்பாக இருந்தாலும் குடும்பத்துக்குள் இது புரியும். ரம்மிக்கும் இதே வழி. என் தாத்தா காலத்தில் புளியங்கொட்டையை வைத்துப் பாயிண்ட் கணக்குப் பார்த்தார்கள். அதில் யாரும் மதிப்பு எழுதி வைக்கவில்லை.

உச்சவரம்பு வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எட்டாவது திருப்பத்தில் 128 சிப் கேட்பார்கள்.

#14 பூனைக்கண்

எல்லாரும் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். நிறத்தைப் பற்றி யாராவது பேசலாமே.

என் கணவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. ஆண்களில் இந்தக் குறை கணிசமான பேருக்கு உண்டு, பலர் வெளியே சொல்வதில்லை. சிவப்பு 1, பச்சை 5 என்று வைத்தால் அவர் பந்தயம் கட்டும்போதெல்லாம் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார். கையில் நல்ல சீட்டு இருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அது வேறு கதை. நாங்கள் வெள்ளை, நீலம், மஞ்சள், கறுப்பு என்று மாற்றிவிட்டோம்.

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஊதாவும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். கருநீலமும் அப்படியே. அடுக்கி வைத்தால் நமக்குத் தெரிவது ஓரம் மட்டும்தான்; முகத்தில் எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் பயனில்லை. ஓரத்தில் இருக்கும் பட்டைகளாவது மதிப்புக்கு மதிப்பு வேறுபட வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றை வெள்ளி அடுக்குக்குள் ஒரு 25 ஒளிந்திருக்கும். ஆல்-இன் (கையிலுள்ள எல்லாம்) போட்ட பிறகுதான் அது தெரியும், அப்புறம் ஒரே வாக்குவாதம்.

கேசினோ பக்கம் போய்வருபவர்கள் கூட்டத்தில் இருந்தால் இன்னொன்றும் யோசியுங்கள். அமெரிக்க வழக்கப்படி சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. கண் அதற்குப் பழகியிருக்கும்.

#15 ரிவர்ராசா (ஹூஸ்டன்)

அக்கா சொன்னதுதான். எங்கள் கூட்டத்தில் சிவப்பை ஒரு டாலராக வைத்திருந்தோம். கேசினோ பழக்கம் உள்ளவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் "ஐந்து" என்று வாயால் சொல்லிவிட்டு ஒரு டாலரைப் போடுவார். வாயால் சொன்னதுதான் செல்லும் என்ற விதியால் அவருக்கு நல்ல செலவு.

எடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 11.5 கிராம், 14 கிராம் என்று பெருமையாக விற்பதெல்லாம் பிளாஸ்டிக்குக்குள் இரும்புத் தகடு வைத்தது. கேசினோக்களில் புழங்கும் களிமண் கலவைச் சிப் பெரும்பாலும் 8 முதல் 10 கிராம்தான். கனமாக இருந்தால் உயர்ந்தது என்று நினைக்காதீர்கள். 14 கிராம் சிப் 500 என்றால் பெட்டி இல்லாமலே 7 கிலோ. நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ரயிலில் போகப் போகிறீர்களா?

#16 ஜூரோங்மணி

ரயிலில்தான் போவோம். 7 கிலோ வேண்டாம்.

செராமிக் எப்படி? நம் விருப்பப்படி அச்சடித்துத் தருகிறார்களாம்.

#17 கணக்குப்பிள்ளை

செராமிக் சுமார் 10 கிராம். முகம் முழுக்கவும் ஓரத்திலும் அச்சடிக்கலாம், ஆகவே 20 காசு சிப்பும் வேண்டியபடி கிடைக்கும். கொஞ்சம் வழுக்கும், அடுக்கு சரியும். அது கொஞ்ச நாளில் பழகிவிடும். விலைதான் பிளாஸ்டிக்கைவிடக் கூடுதல்.

தனியாக அச்சடிப்பதில் இன்னொரு பயன். கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரணச் சிப்பைப் பணத்துக்கு ஆடும்போது பயன்படுத்தினால், ஒருவர் சட்டைப்பையில் நான்கு கறுப்பைப் போட்டுக்கொண்டு வர முடியும். உங்கள் நண்பர்கள் செய்யமாட்டார்கள். நண்பரின் நண்பர் என்று ஒருவர் வருவாரே, அவரைத்தான் சொல்கிறேன். சாதாரணச் சிப்தான் என்றால் 25 வெள்ளியை மட்டுமாவது வேறு வடிவமைப்பில் வாங்குங்கள்.

பெட்டியைத் திறக்கும்போதும் மூடும்போதும் எண்ணுங்கள். மேசையில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் சேர்ந்து 500 வர வேண்டும். பேங்க் பார்ப்பவர் ஒவ்வொரு பை-இன்னையும் ரீபையையும் பேர் போட்டு எழுதி வைக்கட்டும். மனக்கணக்கு வேண்டாம், இரண்டு மணிக்கு யாருக்கும் மனம் வேலை செய்யாது.

#18 நெறியாளர்

சட்டம் பற்றித் தனிமடலில் கேட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டில் குடும்பத்தார், நண்பர்கள் மத்தியில் நேரில் ஆடுவதற்கு அனுமதி உண்டு. அதைத் தொழிலாக நடத்தக் கூடாது. வீட்டுக்காரர் பாட்டிலிருந்து கமிஷன் எடுக்கவும் கூடாது. இணையத்தில் ஆடுவது இந்த அனுமதிக்குள் வராது. மற்ற நாட்டுக்காரர்கள் அவரவர் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இழையில் சிப்பை மட்டும் பேசுவோம்.

#19 ஸ்காபரோபெடியன்

கமிஷனா? எங்கள் வீட்டில் கொத்துரொட்டிக்கே ஆளுக்குப் பத்து டொலர் வசூலிக்கப் படாத பாடு.

கணக்குப்பிள்ளை அண்ணை, 25 வெள்ளி சிப் 40 எதுக்கு? நீங்கள் சொன்ன மோசமான இரவுக்கே 1,280 வெள்ளிதான். 20 சதம், 1, 5 மூன்றும் சேர்ந்து 1,020 வருகுது. மிச்சம் 260க்கு 25 வெள்ளி சிப் பதினொன்று காணும். நாற்பதில் முக்கால்வாசி நீலத்தைப் போலத்தான் கிடக்கும். என்னை நீலத்துக்கு ஏசினீங்கள், இப்ப நீங்களே அதைத்தானே செய்யிறீங்கள்?

#20 கணக்குப்பிள்ளை

பிடித்துவிட்டாய் தம்பி. 20/40க்கு மட்டும் பார்த்தால் 20 தாராளம். அந்த 20 இடத்தை ஐந்து வெள்ளிக்குக் கொடுக்கலாம்: 100/200/180/20. மொத்தம் 1,620 வெள்ளி. ரீபை எல்லாம் ஐந்தில்தான் போகிறது என்பதால் அது இன்னும் நல்லது.

நான் 40 என்று சொன்னது பின்னால் ப்ளைண்ட் ஏறும் என்பதற்காக. ஒரு வருடத்தில் யாராவது 1/2 வெள்ளி ஆடலாம் என்பார். அங்கே 20 காசு சிப்புக்கு வேலையே இல்லை. 1 வெள்ளி ப்ளைண்ட் சிப் ஆகிவிடும், ஐந்துதான் உழைக்கும். பை-இன் 200 என்றால் எட்டுப் பேர் உட்கார்ந்ததுமே 1,600. பெட்டியில் 20 காசைக் கழித்தால் 1,600தான் இருக்கிறது! முதல் ரீபைக்கே பேங்க் திவால்.

அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அதே வடிவமைப்பு, அதே நிறச் சாயல் பிறகு கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. 25 வெள்ளி ஒரு கட்டு கூடுதலாக இப்போதே வாங்கிப் பெட்டிக்கு வெளியே ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள்.

#21 ஜூரோங்மணி

எங்கள் கூட்டம் 1/2க்குப் போகாது. இரண்டு பேருக்கு வீட்டுக்கடன், ஒருவருக்கு இரட்டைக் குழந்தை.

முடிவு இதுதான். செராமிக், 10 கிராம். 20 காசு வெள்ளை 100, 1 வெள்ளி நீலம் 200, 5 வெள்ளி மஞ்சள் 180, 25 வெள்ளி கறுப்பு 20. ஓரப்பட்டை நான்கிலும் வேறு வேறு. எண் அச்சடித்துத்தான். அண்ணே சொன்ன 25 வெள்ளி கூடுதல் கட்டும் வாங்குகிறேன், ஆனால் அது 1/2க்கு அல்ல, தொலைந்தால் மாற்ற. இதை வீட்டுக்காரியிடம் 500 என்றே சொல்லியிருக்கிறேன்.

டீலர் பட்டன் (சீட்டுப் போடுபவரைக் காட்டும் வில்லை) தனியாக வாங்க வேண்டுமா, கூடவே வருமா?

#22 ரிவர்ராசா (ஹூஸ்டன்)

கூடவே வந்தாலும் முதல் மாதத்தில் தொலைந்துவிடும். இரண்டாக வாங்குங்கள். 20/40க்கு வாழ்த்துகள், நான் 25/50லேயே இருக்கிறேன்.